ஸப்ர் என்பது எது?

 

எங்கள் மஹல்லாவில் வாரந்தோறும் அஸருக்குப் பின் பெண்களுக்கென பயான் நடைபெறுகிறது. திரைக்கு அப்பாலிருந்து சகோதரிகள் தம் சந்தேகங்களைச் சீட்டில் எழுதிச் சிறுவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். சென்ற ஆண்டு ரபீவுல் அவ்வல் மாதத்தில் ஒரு சீட்டு வந்தது. எழுதிய சகோதரியின் கணவருக்குச் சர்க்கரை நோய். குடிப்பழக்கமும் உண்டு. குடித்துவிட்டு வரும் இரவுகளில் கை நீட்டுகிறார். சில நாள் காலையில் வேர்த்து, நடுங்கி, என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறார். பிறகு ஒன்றுமே நினைவில்லை என்கிறார். “இதைப் பொறுத்துக்கொண்டால் எனக்கு நன்மை உண்டா? அண்ணனிடம் சொன்னால் புறம் பேசிய பாவம் வருமா?” இதுதான் கேள்வி.

நான் ஸப்ரின் சிறப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். துஆச் செய்யும்படி கூறி அடுத்த சீட்டை எடுத்தேன்.

ரஜப் மாதத்தில் அதே வீட்டிலிருந்து இன்னொரு சீட்டு வந்தது. இம்முறை எழுத்து வேறு. மகள் எழுதியிருந்தாள். தாய்க்கு வலக்கை மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருப்பதால் தான் எழுதுவதாகக் குறிப்பிட்டு, கீழே ஒரே வரி: “ஹஜ்ரத், அம்மா இன்னும் எத்தனை நாளைக்கு ஸப்ர் செய்யணும்?”

அந்தப் பிள்ளைக்குத் தர வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் இது ஒரு வீட்டுக் கதையன்று; ஜமாஅத்து அலுவலகத்தில் உட்காருகிறவர்களுக்கு அது தெரியும்.

முதலில் நோயைப் பற்றி. அந்தச் சகோதரி நோயைப் பற்றி எழுதியிருந்ததை நான் அன்று கவனிக்கவேயில்லை. இரண்டாவது சீட்டு வந்த பிறகுதான் எங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் விளக்கியது இது. நாம் சாப்பிடாத நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடாமல் ஈடு செய்து தருவது கல்லீரல். மது உள்ளே போய்விட்டால் கல்லீரல் அந்த வேலையை விட்டு மதுவைக் கரைக்கும் வேலையில் இறங்கிவிடுகிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் குடித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். உடனேதான் இறங்கும் என்பதில்லை. பல மணி நேரம் கழித்து, விடியற்காலையிலும் இறங்கலாம். அப்போது வேர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும், காரணமில்லாத கோபம் வரும், சொன்னது நினைவிருக்காது. பார்க்கிறவர்கள் இன்னும் போதை தெளியவில்லை என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டே உயிர் போனவர்கள் உண்டு.

ஆகவே அந்த வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் இருந்தாக வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும் பட்சத்தில், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். ஏறிய பின் உணவு. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கையை ஓங்கிக்கொண்டு நிற்பவரின் அருகில் ஊசியும் மீட்டருமாகத் தனியே போகவும் வேண்டாம். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள்.

இதை மார்க்கப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் எண்ணலாம். எழுதத்தான் வேண்டும். ஏனெனில் ஒரே வீட்டில், ஒரே மனிதரிடமிருந்து வரும் இரண்டு கோபங்களுக்கு ஷரீஅத்தில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. நம் ஃபிக்ஹு நூல்களில் தலாக்குடைய பாடத்தைப் பாருங்கள். மயக்கமுற்றவன், புத்தி பேதலித்தவன் சொல்லும் தலாக் நிகழாது. தானே விரும்பிக் குடித்துவிட்டுப் போதையில் சொன்ன தலாக்கோ ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் பிரபலமான தீர்ப்பின்படி நிகழ்ந்துவிடும். இருவருமே என்ன பேசுகிறோம் என்று அறியாமல்தான் பேசினார்கள். ஆயினும் ஒருவருக்கு வந்தது அவர் கேட்காமல் வந்த நோய். மற்றவர் காசு கொடுத்து வாங்கி வந்த போதை. (இதனால்தான் சொல்கிறேன்: இப்படிப்பட்டவர் தலாக் என்ற சொல்லை வாயில் எடுத்துவிட்டால், “போதையில் சொன்னது, செல்லாது” என்று நீங்களே தீர்ப்பளித்துக்கொள்ளவும் வேண்டாம், எல்லாம் முடிந்தது என்று மூட்டை கட்டவும் வேண்டாம். சொன்ன சொல், நேரம், மீட்டரில் கண்ட அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அன்றே ஓர் ஆலிமிடம் செல்லுங்கள். ஒரே மூச்சில் முத்தலாக் கூறுவது செல்லாது என்றும் தண்டனைக்குரியது என்றும் நம் நாட்டில் 2019-ல் சட்டம் வந்திருப்பதையும் அறிந்திருங்கள்.)

எனவே, சர்க்கரை இறங்கிய வேளையில் வந்த கடுஞ்சொல்லை மனைவி மன்னித்து, சீனித் தண்ணீரைக் கையிலெடுக்கிறாளே, அது ஸப்ர். அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. போதையில் ஓங்கும் கைக்குக் கீழே தலையைக் கொடுத்து நிற்பது ஸப்ர் அன்று. நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாதென அல்பகரா அத்தியாயம் 195-வது வசனத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். அய்யூப் நபி (அலை) அவர்கள் பொறுத்தது அல்லாஹ் தந்த நோயை. ஒரு மனிதன் செய்யும் அநியாயத்துக்கு அதை நான் உதாரணம் காட்டியது தவறு. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணியின் நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். அவர்களை அவர்களின் கணவர் ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அடித்ததில் உடலில் ஓரிடம் முறிந்துவிட்டதாக அபூதாவூதில் வருகிறது. பஜ்ரு வேளையில், இருள் விலகும் முன்பே, அந்த அம்மையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாசலில் வந்து நின்றதாக முவத்தாவில் வருகிறது. நபியவர்கள் அவரை, வீட்டுக்குப் போய்ப் பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்பவில்லை. என்னவென்று கேட்டார்கள். கணவரை வரவழைத்தார்கள். மஹராகப் பெற்றதைத் திருப்பிக் கொடுத்து அவர் விடுதலை பெற வழி செய்தார்கள். என் வாசலுக்கு ஒரு சகோதரியின் சீட்டு வந்தபோது நான் செய்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

அடிக்கிறவர்களில் சிலர் அந்நிஸா அத்தியாயத்தின் 34-வது வசனத்தைத் தமக்கு ஆதாரமாக எடுத்து வைக்கிறார்கள். அதே அத்தியாயத்தின் 43-வது வசனம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. போதையிலிருப்பவன் தான் சொல்வது இன்னதென்று அறியும் வரை தொழுகையை நெருங்கக் கூடாது என்கிறது அது. தன் ரப்புக்கு முன் நிற்கவே தகுதியற்றுப் போனவன் இன்னொருவரைத் திருத்த வந்துவிட்டானாம்! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது முஸ்லிமில் இருக்கிறது.

புறம் பேசுவதைப் பற்றிய அச்சம் நல்ல அச்சம்தான். ஆனால் அது இங்கே பொருந்தாது. தம்மை மணமுடிக்கக் கேட்டவர்களைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) ஆலோசனை கேட்டபோது, அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் அதைத் தடுக்கக் கூடியவரிடம் முறையிடுவது புறத்தில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியிருக்கிறார்கள். அண்ணனிடம் சொல்லலாம். ஜமாஅத்தாரிடம் சொல்லலாம். டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கணவர் குடிப்பதை மறைத்துவிட்டுச் சர்க்கரைக்கு மாத்திரை கேட்டால் அந்த மாத்திரையே விஷமாகலாம். அக்கம்பக்கத்தில் கூடிப் பேசிச் சிரிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அடுத்து, அந்நிஸா 35-வது வசனம். கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என்று இரு மத்தியஸ்தர்களை ஏற்படுத்தச் சொல்கிறது. நம் ஊர்களில் நடப்பது என்ன? ஜமாஅத்தில் ஏழெட்டுப் பேர் கூடி, “ஆம்பிளைன்னா கோபம் வரத்தான் செய்யும், அனுசரிச்சுப் போம்மா” என்று ஒரு சமரசப் பேப்பரில் கையெழுத்து வாங்கி, அன்று மாலையே அவளை அதே வீட்டுக்குள் அனுப்பிவிடுவது. அவனுக்கு வைத்தியம் உண்டா, செலவுக்குப் பணம் யார் தருவார், மறுபடி அடித்தால் என்ன என்று அந்தப் பேப்பரில் ஒரு வரி இருக்காது. அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுமாறு நபியவர்கள் கூறியபோது, அது எப்படி என்று கேட்கப்பட்டது. அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். நம் ஜமாஅத்துகள் யாருடைய கையைப் பிடிக்கின்றன?

அடிக்கு அஞ்சித் தாய் வீட்டுக்குச் செல்வது நுஷூஸ் ஆகாது. ஜீவனாம்சமும் அதனால் அற்றுப்போகாது. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமயப் பெண்களுக்கும் பொதுவானது. ஒன்றும் சரிவராதபோது குல்உ இருக்கிறது. கணவன் அதற்கும் இணங்காவிட்டால், வழக்கமாக அடித்துக் கொடுமை செய்வதைக் காரணம் காட்டி நீதிமன்றத்தில் விடுதலை பெற 1939-ம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இடம் தருகிறது. ஹனபி மத்ஹபில் மனைவிமாருக்கு இவ்விஷயத்தில் இருந்த நெருக்கடியைக் கண்டு, மாலிகி மத்ஹபிலிருந்து வழி தேடி மௌலானா அஷ்ரப் அலீ தானவீ (ரஹ்) போன்ற பெரியோர்கள் எழுதியதும் அச்சட்டத்துக்குப் பின்னணியாக இருந்தது. அதை மார்க்கத்துக்கு மாற்றமானது என்று பேசுகிறவர்கள் இதை அறிய மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னதால் அந்த மனிதரைக் கைகழுவிவிடச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குடித்ததற்காக அடிக்கடி தண்டனை பெற்ற ஒருவரைச் சபையில் ஒருவர் சபித்தபோது, நபியவர்கள் அதைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்று சொன்னதாகப் புகாரியில் வருகிறது. தண்டனையை நிறுத்தவுமில்லை, சபிக்க விடவுமில்லை. குடும்பத்தாருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டுதல் வேறென்ன வேண்டும்?

நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினாலும் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரக்கூடும். தவ்பா செய்தவரை வீட்டில் வைத்துப் பூட்டாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே போவது இழுக்கல்ல. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிறார்களே, குடியை மறக்கடிக்கும் பொடி, அதை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் சில, மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே உலை வைக்கும். சர்க்கரை நோயாளிக்குக் கேட்கவே வேண்டாம். உடம்புக்கு நல்லது, மருந்தாகக் கொஞ்சம் குடிக்கிறேன் என்ற பேச்சுக்கும் இடமில்லை. மருந்துக்காகத்தான் காய்ச்சுகிறேன் என்று சொன்ன தாரிக் இப்னு ஸுவைத் (ரலி) அவர்களிடம், அது மருந்தல்ல, நோய் என்றே நபியவர்கள் கூறிவிட்டார்கள்.

அந்தச் சகோதரியின் அண்ணனும், கணவருடைய சாச்சாவும் மத்தியஸ்தர்களாக அமர்ந்தார்கள். அவர் இப்போது பிள்ளைகளோடு தாய் வீட்டில் இருக்கிறார். மாதச் செலவுக்குக் கணவரின் கடையிலிருந்து பணம் வருகிறது. கணவர் சாச்சாவோடு மருத்துவமனைக்குப் போய் வருகிறார். நடுவில் ஒரு முறை தவறியும் இருக்கிறார். சர்க்கரை மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். போன வாரச் சீட்டு அந்தச் சகோதரியின் கையெழுத்திலேயே வந்தது. ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் திரும்பி வருவேன் என்று நிபந்தனை வைத்திருக்கிறாராம். அது குற்றமாகுமா என்று கேட்டிருந்தார். குற்றமில்லை என்று எழுதினேன். அதைத் தாளில் எழுதி மத்தியஸ்தர்கள் இருவரும் கையெழுத்திடட்டும் என்றும், திரும்பும் நாளில் குளுக்கோமீட்டரை மறக்காமல் எடுத்துச் செல்லும்படியும் அதன் கீழே எழுதிக் கொடுத்தனுப்பினேன்.