யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

இசை மென்பொருளில் ஒரு ட்ராக்கைத் திறந்து, அதன் ஆட்டோமேஷனைச் சொடுக்கினால் ஒரு கிடைக்கோடு வரும். ஒலியளவு, ஃபில்டர், எதிரொலி என எதை வேண்டுமானாலும் அந்தக் கோட்டிடம் ஒப்படைக்கலாம். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி வைத்தால் போதும். நடுவில் உள்ள தூரத்தை மென்பொருளே நேர்கோடு போட்டு நிரப்பிக்கொள்ளும். பாட்டு ஓடும்போது யாரும் தொடாமலே திரையில் குமிழ்கள் திரும்பும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் பேய் வீடு மாதிரிதான் இருக்கும்.

இதே வேலையைக் கையாலும் செய்யலாம். மேசைமேல் ஒரு மிடி கன்ட்ரோலர் வைத்துக்கொள்கிறோம். திரையில் இருக்கிற குமிழை வலது சொடுக்கி 'மிடி லேர்ன்' என்று சொல்லிவிட்டு, கன்ட்ரோலரில் ஒரு நிஜக் குமிழைத் திருப்பினால் இரண்டும் பிணைந்துவிடும். எதுவரை திரும்பலாம் என்று எல்லையும் வைக்கலாம். பிறகு பாட்டோடு சேர்ந்து விரலும் போகும்.

சிக்கல் இதற்கப்புறம்தான். விரலால் வாசித்ததும் மௌஸால் வரைந்ததும் கோப்புக்குள் போனபின் ஒரே மாதிரி எண்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி ஆகியோரின் முயற்சியில் வந்த அந்தப் பொதுமொழிதான் மிடி. அந்த மொழியில் அசைவு என்றால் 0 முதல் 127 வரை ஓர் எண், அவ்வளவுதான். சிசி 1 மாடுலேஷன், சிசி 2 மூச்சு, சிசி 7 ஒலியளவு, சிசி 11 எக்ஸ்பிரஷன், சிசி 64 சஸ்டெய்ன் பெடல். 'சிசி 11, மதிப்பு 84' என்று கோப்பில் இருந்தால் அது ஒருவர் காலால் அழுத்தியதா, சாய்ந்து உட்கார்ந்து வரைந்ததா, நேற்றுப் பாட்டிலிருந்து வெட்டி ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை என்றால் இதில் நல்லது கெட்டது என்று ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 'கையால் செய்தது உண்மை, இயந்திரம் செய்தது போலி' என்ற வழக்கமான பதிலில் அது இல்லை.

அந்தப் பதில் ஏன் நிற்காது என்று முதலில் பார்ப்போம். காவிரிப் படுகையின் அடையாளமான நாதஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. அந்த ஏழுக்குள் அத்தனை ராகங்களும் வருவதற்குக் காரணம் துளைகளைப் பாதி மூடுவது, கால்வாசி திறப்பது, சீவாளியில் உதட்டின் அழுத்தத்தை மாற்றுவது, மூச்சைக் கூட்டிக் குறைப்பது. தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்தால்தான் அது தோடியின் காந்தாரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்று இன்றும் சொல்கிறார்களே, அங்கே பெயர் பெற்றது ஸ்வரங்கள் மட்டுமில்லை, ஸ்வரங்களுக்கு நடுவே அவர் போன வழியும்தான்.

அவர் அந்த இடத்தில் யோசித்து யோசித்தா விரலை நகர்த்தினார்? அசுர சாதகம் என்று நாம் மரியாதையோடு சொல்வது என்ன? விடியற்காலையில் எழுந்து, ஒரே பிடியை ஆயிரம் தடவை வாசித்து, விரல் தானாகப் போகும்வரை பழக்குவது. அதுவும் ஒருவகை ஆட்டோமேஷன்தான், உடம்புக்குள் எழுதிய கோடு. தானாக நடப்பதே தப்பு என்றால் சாதகமும் தப்பாகிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாதஸ்வரம் கற்றுக்கொள்ள ஒரு குருவின் வீட்டு வாசல் திறக்க வேண்டும். அந்த வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்ததில்லை. பெரும்பாலும் சில சாதிகளுக்குள், ஆண்களுக்குள் சுழன்ற கலை அது. ஷேக் சின்ன மௌலானா போல அதில் உச்சம் தொட்ட முஸ்லிம் கலைஞர்கள் உண்டு; அவர்கள் வீடுகளிலும் அது தலைமுறையாக வந்த வித்தை. இன்றைக்கு வளைகுடாவில் எட்டுப் பேர் படுக்கிற அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சின்னக் கீபோர்டை மடியில் வைத்து ஒருவன் மெட்டுப் போடுகிறான் என்றால், அவனிடம் போய் 'வரைவது போலி, வாசிப்பதே நிஜம்' என்று சொல்வது வாசல் திறந்த வீட்டில் பிறந்தவர்களின் திமிர். மௌஸ் இல்லையென்றால் அவனுக்கு இசையே இல்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? இதை யோசிக்க எனக்கு உதவுவது ஓர் இசைநகரம் இல்லை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலோரத்தில், உப்பளங்களோடு இருக்கிற அதிராம்பட்டினம்.

அந்த ஊர் வழியாகப் போகும் திருவாரூர்–காரைக்குடி ரயில்பாதை அகலப்பாதையாகி 2019-ல் மறுபடி ரயில் ஓடியபோது, லெவல் கிராசிங்குகளுக்குப் போதுமான கேட்கீப்பர்கள் இல்லை. அதனால் கேட்கீப்பர் ரயிலிலேயே பயணம் செய்தார். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். அவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். ரயில் தாண்டிப்போய் மறுபடி நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டிலும் இதே கதை. இந்த வேலையை ஒரு மோட்டார் செய்திருந்தால் யாராவது வருத்தப்பட்டிருப்பார்களா? மனிதக் கையின் மகத்துவம் போச்சே என்று ஒருவரும் கட்டுரை எழுதியிருக்க மாட்டார்கள். ஏனென்றால் அந்தக் கேட்டுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ரயில் வருகிறதா, இல்லையா. கேட்க வேண்டியதை முன்கூட்டியே முழுசாகச் சொல்லிவிட முடிகிற வேலை அது. தாராளமாக ஒப்படைக்கலாம்.

அதே ஊரில் பாங்கு ஒலிக்கிறது. பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணக்குப்போட்டு வந்த அட்டவணை, டிஜிட்டல் கடிகாரம், ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி எல்லாம் இருக்கின்றன. ஐந்து வேளைக்கும் அருமையான குரலில் பதிவுசெய்த பாங்கை டைமரில் போட்டுவிடுவது இரண்டு நிமிட வேலை. ஆனாலும் மோதினார் எழுந்துபோய் மைக் முன்னால் நிற்கிறார். பதிவு செய்த பாங்கு போதாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் நிலை; பாங்கு ஒரு வணக்கம், அதற்கு நிய்யத்தோடு ஓர் ஆள் வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கெய்ரோவில் 2010 வாக்கில் பல பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே பாங்கு என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோதும், ஒருவர் அந்த நேரத்தில் நேரடியாகச் சொல்வதைத்தான் மற்ற பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். தூரத்தைக் கருவியிடம் கொடுத்தார்கள், அந்த நேரத்தில் அங்கே இருப்பதைக் கொடுக்கவில்லை. இங்கே ஆள் இருப்பதே விஷயம். சளி பிடித்த குரலாக இருந்தாலும் பரவாயில்லை. நம்மைக் கூப்பிடுகிறவர் விழித்திருக்கிறார்.

ரயில்வே கேட் ஒரு முனை, பாங்கு மறுமுனை. நம் வாழ்க்கையில் பெரும்பாலான விஷயங்கள், இசை உட்பட, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன. நடுவில் இருப்பதை என்ன செய்வது?

மேட்டூர் அணையைப் பாருங்கள். குறுவைக்கு ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது என்பது எழுதிவைத்த கோடு. படுகையில் நாற்றங்கால் வேலையே அந்தத் தேதியை வைத்துத்தான். ஆனால் 2022-ல் நீர்வரத்து அதிகமாகி மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. தேதி எழுதப்பட்டிருக்கிறது, ஷட்டர் மேல் கையும் இருக்கிறது. நீர்மட்டத்தைப் பார்க்காமல் தேதியை மட்டும் நம்பினால் கஷ்டப்படுவது மேட்டூரில் இருப்பவர் இல்லை. கல்லணைக் கால்வாய் போய் முடிகிற பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடைமடைக்காரர்தான். தலைமடையில் வைக்கிற எண்ணின் விளைவு கடைமடையில்தான் தெரியும். அதனால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்பது இந்த ஊர்களில் வெறும் விசாரிப்பு இல்லை, நியாயம் கேட்பது.

இசை மென்பொருளில் இதற்கு அப்படியே பொருந்துகிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆட்டோமேஷனுக்குப் பொதுவாக நான்கு நிலைகள். 'ரீட்' நிலையில் எழுதிவைத்த கோடு மட்டும் ஓடும், உங்கள் கைக்கு வேலை இல்லை. 'ரைட்' நிலையில் பழையது அழிந்து, இப்போது குமிழ் இருக்கிற நிலையே புதிதாக எழுதப்படும். 'லாட்ச்' நிலையில் தொட்டபின் கையை எடுத்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். நான்காவது 'டச்'. கோடு தன் பாட்டுக்கு ஓடும். நடுவில் ஓரிடத்தில் காதுக்குச் சரியாகப் படவில்லையென்றால் குமிழைத் தொடுகிறீர்கள், அந்தக் கணத்தில் உங்கள் கை ஜெயிக்கும். கையை எடுத்தால் கோடு மறுபடி பொறுப்பை வாங்கிக்கொள்ளும். இந்த நிலையைக் கண்டுபிடித்தவர்கள் நீதிநூல் எழுத உட்கார்ந்தவர்கள் கிடையாது. ஆனாலும் எழுதிவைத்ததற்கும் இருப்பதற்கும் நடுவே எப்படி நடந்துகொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு வழியை நான் பார்த்ததில்லை.

டச் நிலைக்கு ஒரே ஒரு நிபந்தனை: யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் விரலா மௌஸா என்ற கேள்வியே எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு வளைவை வரைந்து, கேட்டு, புள்ளியைக் கொஞ்சம் இழுத்து, மறுபடி கேட்டு, இருபதாவது தடவையில் திருப்தி அடைகிறவர் மௌஸோடுதான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் அங்கே இருக்கிறார். மேடையில் வாசிக்கிறவர், முந்தின ஸ்வரம் எப்படி விழுந்தது என்று கேட்டு அடுத்ததை எடுக்கிறார் அல்லவா, அதே வேலைதான், மெதுவாக நடக்கிறது. மறுபக்கம், கன்ட்ரோலரில் விரலை வைத்துக்கொண்டே மனசு வேறெங்கோ இருக்க, பழக்கத்தில் குமிழைத் திருப்புகிறவரும் உண்டு. அவர் கை மட்டும்தான் அங்கே இருக்கிறது.

கல்யாணத்தில் கெட்டிமேளம் எப்படி நடக்கிறது? மேளக்காரர்களின் கண் மணவறை மேலேயே இருக்கும். யாரோ ஒருவர் விரலை ஆட்டி 'கெட்டிமேளம்' என்று கத்துவதற்கு முன்பே தவில்காரர் தயாராகிவிடுவார். தாலி முடிச்சு சிக்கிக்கொண்டால் வாசிப்பு அந்த நிமிஷத்துக்கும் நீளும். இப்போது பல கோயில்களில் மோட்டாரில் ஓடுகிற முரசும் மணியும் சேர்ந்த பெட்டி வந்துவிட்டது. அதை வாங்கியவர்களைத் திட்டுவது சுலபம், ஆனால் அநியாயம். சின்னக் கோயிலில் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, வாசிக்க ஆளும் வருவதில்லை. ஸ்விட்சைப் போடுகிற குருக்கள்தான் அங்கே மிச்சமிருக்கிற இசைக்கலைஞர். என் வருத்தம் பெட்டியைப் பற்றியது இல்லை. தீபாராதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாசிக்கிற ஒருவருக்கு அந்த ஊர் கூலி கொடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியது யார் என்று கேட்டால் கை தூக்க ஆள் இல்லை. யாரும் முடிவெடுக்காமலே ஒரு முடிவு நடந்துவிட்டது.

மென்பொருளில் அப்படி யாரும் எடுக்காத முடிவுக்கு 'டிஃபால்ட்' என்று பெயர். பிட்ச் பெண்டின் டிஃபால்ட் எல்லை பெரும்பாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம். தோடி காந்தாரத்தின் அசைவுக்கு அது சரியாகப் போதும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு இழுக்க ஏழு அரைச்சுரம் வேண்டும், போதாது. பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் உண்டு, நுணுக்கத்துக்குக் குறைவில்லை. எல்லையை 12 என்று மாற்றினால் ஜாரு வந்துவிடும். மாற்றாமல் விட்டால் உங்கள் பாட்டில் ஜாரு இருக்காது. அது உங்கள் ரசனையால் இல்லாமல் போனது என்றுகூடச் சொல்ல முடியாது, எங்கேயோ யாரோ வைத்த எண்ணால் போனது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் போட்டுக்கொள்கிற நேர்கோடும் அப்படித்தான். நம் இசையில் அந்த நடுவழியில்தான் கமகம் இருக்கிறது.

சாம்பிள் நாதஸ்வரத்தைப் பயன்படுத்தும்போது இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. ஒரு கலைஞர் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் ஒரே ஸ்வரத்தை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று நீட்டி ஊதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூச்சு அவருடையது. ஆனால் உங்கள் பாட்டை அவர் கேட்டதே இல்லை. அந்த மூச்சு இந்த வரியில் எங்கே தளர வேண்டும் என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். நீங்களும் கேட்காவிட்டால், ஒருவர் மூச்சு ஒலிக்கிறது, அதை யாருமே கவனிக்கவில்லை என்றாகிவிடும்.

ஆகவே, பாட்டை முடித்து ஏற்றுமதி செய்வதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். திரையை அணைத்துவிட்டு, எல்லா ட்ராக்கையும் டச் நிலையில் வைத்து, ஒரு விரலை ஃபேடருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். ஒரு தடவைகூட ஃபேடரை நகர்த்த வேண்டியிராமல் போகலாம். பரவாயில்லை, கோடு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நகர்த்தாமல் விட்டதும் அப்போது நீங்கள் கேட்டு எடுத்த முடிவாக இருக்கும்.