எதிர்கொண்டு வந்தவர்கள்

கோலாலம்பூரின் சாலாக் செலாத்தான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அடுக்குமாடி வீடொன்றில், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் கலைந்த பிறகு, ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவருக்கும் அவரிடம் வேதம் பயிலும் இளைஞனுக்கும் நடந்த உரையாடல்.

சீடன்: ஐயா, ஒரு சந்தேகம் பல நாளாக உறுத்துகிறது. விசுவாசம் என்பது ஒருவனுக்கும் கடவுளுக்கும் இடையிலான உறவு. சோர்ந்துபோனவன் முழங்காலில் நின்று அவரிடம் கேட்க வேண்டியதுதானே? மனிதரிடம் ஆறுதல் தேடுவது விசுவாசக் குறைவு அல்லவா?

குரு: பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்வாயா?

சீடன்: அப்படி யார் சொல்வார்கள்?

குரு: அப்படியானால் அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தைப் பார். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகிறார்கள். கப்பல் உடைந்து, மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கி, புத்தேயோலி துறைமுகத்தில் இறங்கித் தரைவழியாக வருகிறார். செய்தி கேட்ட ரோமாபுரிச் சகோதரர்கள் அவரை எதிர்கொள்ளப் புறப்படுகிறார்கள். சிலர் மூன்று சத்திரம் வரை வந்தார்கள், சிலர் அப்பியுபுரம் வரைக்குமே வந்துவிட்டார்கள். அப்பியுபுரம் ரோமிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இங்கிருந்து சிரம்பான் போகிற தூரம். கொமியூட்டர் ரயில் இல்லாத காலம் அது. அவர்களைக் கண்டதும் பவுல் கடவுளுக்கு நன்றி சொல்லித் தைரியமடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார்.

சீடன்: அதற்கு முன் அவருக்குத் தைரியம் இல்லையா? புயலில் கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் தைரியம் சொன்னவர் அவர்தானே?

குரு: அதனால்தான் இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூதன் வந்து பேசியதைக் கேட்டவர், புயலை எதிர்த்து நின்றவர், அவருக்கே சக விசுவாசிகளின் முகம் தேவைப்பட்டது. கண்டது மனிதரை, நன்றி சொன்னது கடவுளுக்கு. அந்த மனிதர்களை அனுப்பியவர் யார் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. நீ கடவுளையும் சகோதரனையும் எதிரெதிரே நிறுத்துகிறாய். பவுல் அப்படி நிறுத்தவில்லை.

சீடன்: அவர்கள் பவுலிடம் என்ன சொன்னார்கள்?

குரு: லூக்கா ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடவில்லை. விலங்கு பூட்டப்பட்டவனோடு எல்லோரும் பார்க்கச் சாலையில் நடந்து வருவதற்குத் துணிந்தார்கள். அதுவே போதுமாயிருந்தது.

சீடன்: நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை, ஐயா. வேலை போனவனிடமும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமும் "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுகிறோம். மேடை ஏறியவரை "அருமையான செய்தி" என்று புகழ்கிறோம். இதுவும் உற்சாகப்படுத்துவதுதானா?

குரு: புகழ்ச்சி ஒருவன் செய்து முடித்ததைப் பற்றியது. அவனால் இன்னும் செய்ய முடியாததோடு, அவனால் தாங்க முடியாததோடு, கூட நிற்பதே உற்சாகப்படுத்துவது. நின்றுவிட்டுச் சொல்லும் வசனம் மருந்து. நிற்காமல் சொல்லும் வசனம் நாம் அங்கிருந்து கழன்றுகொள்ளத்தான் உதவும். யோபுவின் நண்பர்களைப் பார். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு அவன் ஏன் துன்பப்படுகிறான் என்று விளக்கப் புகுந்தார்கள், அங்கே தவறினார்கள். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

சீடன்: அப்படியென்றால் தவறு செய்தவனையும் தட்டிக்கொடுக்க வேண்டியதுதானா? கண்டிப்புக்கு இடமே இல்லையா?

குரு: இருக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் ஆளைப் பிரித்துப் பார்க்கிறார். ஒழுங்கில்லாதவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும், திடனற்றவனைத் தேற்ற வேண்டும், பலவீனனைத் தாங்க வேண்டும், எல்லோரிடமும் பொறுமை வேண்டும். நம் சபைகளில் நடப்பது என்ன? திடனற்றவனைப் பிடித்துக் கண்டிக்கிறோம், ஒழுங்கில்லாதவன் வசதியானவனாக இருந்தால் தேற்றுகிறோம். ஆளை அறியாமல் யாரையும் உற்சாகப்படுத்த முடியாது, தம்பி. அறிய வேண்டுமானால் கேட்க வேண்டும். கேட்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

சீடன்: ஒருவன் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால்? அவனை எந்த வகையில் சேர்ப்பது?

குரு: மாற்குவைக் கேட்கிறாயா?

சீடன்: மாற்குவையும்தான். பம்பிலியாவில் பவுலையும் பர்னபாவையும் விட்டுத் திரும்பிப் போனவன். அடுத்த பயணத்துக்கு அவனை அழைத்துப்போகலாம் என்றார் பர்னபா, வேண்டாம் என்றார் பவுல். இருவரும் பிரிந்தே போனார்கள். பவுலின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாற்கு பர்னபாவுக்கு நெருங்கிய உறவினன் என்று கொலோசெயர் நிருபத்தில் இருக்கிறதே, சொந்தம் விடவில்லை என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

குரு: நல்ல கேள்வி. அதற்குப் பதில் நடபடிகளிலேயே, சில அதிகாரங்களுக்கு முன்னால் இருக்கிறது. மனம் திரும்பிய சவுல், அதாவது இதே பவுல், எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அவனை நம்பவில்லை, பயந்தார்கள். பயப்படுவதற்குக் காரணமும் இருந்தது. சவுலின் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துப்போய், அவனுக்காகப் பேசியவர் யார்?

சீடன்: பர்னபா.

குரு: சவுல் அவருக்குச் சொந்தமா?

சீடன்: இல்லை.

குரு: ஆக, பர்னபா மாற்குவுக்குச் செய்தது சவுலுக்கு முன்பே செய்ததைத்தான். யாரும் நம்பாத ஒருவனை அவர் முதலில் நம்பினார், அந்த நம்பிக்கைக்குத் தன் பெயரையே பிணையாக வைத்தார். இதில் இழப்பு வரக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். பவுலின் எச்சரிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல ஆண்டு கழித்து, சிறையிலிருந்து எழுதும்போது, மாற்குவை அழைத்து வரச் சொல்கிறார் பவுல். ஊழியத்தில் தனக்கு அவன் பயன்படுவான் என்கிறார். இடைப்பட்ட காலத்தில் மாற்குவைக் கைவிடாமல் வைத்திருந்தவர் பர்னபா. சீப்புரு தீவுக்குக் கப்பலேறிய பிறகு நடபடிகளில் அவர் பெயரே இல்லை. மாற்குவின் பெயரிலோ ஒரு சுவிசேஷம் இருக்கிறது.

சீடன்: நம் தமிழ்ச் சபை வரலாற்றில் இப்படி உண்டா, ஐயா?

குரு: வேதநாயகம் சாமுவேல் அசரியாவை அறிவாயே. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், தங்கள் காணிக்கையிலேயே கடல் கடந்து ஊழியம் செய்வதைக் கண்டார். அவர்கள் செய்ய முடியுமானால் நம்மால் ஏன் முடியாது என்ற எண்ணம் அவரை விடவில்லை. அடுத்த ஆண்டே, 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. யாழ்ப்பாணத்தார் அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சபையின் உண்மையான உழைப்பு இன்னொரு சபைக்குத் தைரியமாயிற்று.

சீடன்: அசரியா எடின்பரோவில் பேசியதைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

குரு: 1910 ஜூனில், உலக மிஷனெரி மாநாட்டில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், பெரும்பாலும் மேற்கு நாட்டவர். 35 வயதுத் தமிழர் எழுந்து, மிஷனெரிகளின் தியாகத்தை மனதார ஒப்புக்கொண்டார். பிறகு, எங்களுக்கு உங்கள் நட்பும் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். பலருக்கு அது கசந்தது. யோசித்துப் பார். பணம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் மேலேயும் வாங்கியவர்கள் கீழேயும் நின்றதால், அத்தனை கொடையும் ஒரு குறையை நிரப்பவில்லை. மேலிருந்து நீட்டும் கை உதவும். ஆனால் ஒருவனை நிமிர வைப்பது பக்கத்தில் நின்று பிடிக்கும் கை. 1912 டிசம்பரில் அவர் தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

சீடன்: அந்தக் குறை நம்மிடமும் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஜூன் கடைசியில், சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகளில் வெள்ளைக் கொடி கட்டச் சொன்னார்களே. அக்கம்பக்கத்தார் இனம் பார்க்காமல் அரிசியும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, ஒரு கேள்வியும் எழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் பார்க்கக் கொடி கட்டத் துணிகிறவர்கள், சபையில் தங்கள் பஞ்சத்தைச் சொல்லத் துணிவார்களா?

குரு: நீயே சொல்.

சீடன்: துணிய மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நல்ல துணி உடுத்தி, சாட்சி சொல்லும்போது ஜெயித்த கதையை மட்டும் சொல்கிறோம். தோட்டத்தில் பக்கத்து லயத்து அடுப்பு எரியாவிட்டால் தெரிந்துவிடும் என்று பாட்டி சொல்வார். இங்கே பதினைந்தாம் மாடியில் கதவைச் சாத்திவிட்டால் யாருக்கும் தெரியாது.

குரு: அதனால்தான் எபிரெயர் நிருபம் சபை கூடிவருவதை விட்டுவிடாதே என்கிற இடத்திலேயே ஒருவரையொருவர் கவனிக்கவும் சொல்கிறது. கூடிவருவதன் நோக்கமே அந்தக் கவனிப்பு. பாட்டும் பிரசங்கமும் முடிந்து, பக்கத்தில் உட்கார்ந்தவனின் நிலை தெரியாமல் வீட்டுக்குப் போனால், நாம் கூடினோம் என்று சொல்ல முடியாது. கிள்ளானிலிருந்து வருகிற குடும்பம் மூன்று வாரம் வரவில்லை என்றால் கணக்கெடுக்கிறோம். யாராவது ரயிலேறிப் போய்ப் பார்க்கிறோமா?

சீடன்: எல்லோரையும் தாங்கத் தாங்க, தாங்குகிறவன் வற்றிப்போக மாட்டானா? போதகர்கள் பலர் அப்படித்தான் களைத்துப்போகிறார்கள்.

குரு: அவர்கள் கொடுக்க மட்டும் பழகியிருக்கிறார்கள், நாமும் வாங்க மட்டும் பழகியிருக்கிறோம். பவுல் ரோமருக்கு எழுதிய முதல் அதிகாரத்தைப் படி. உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறேன், உங்களுக்கு வரம் கொடுத்துத் திடப்படுத்த விரும்புகிறேன் என்று தொடங்குகிறார். உடனே தன்னைத் திருத்திக்கொள்வதுபோல, உங்கள் விசுவாசத்தால் நானும் ஆறுதலடைய வேண்டும் என்கிறார். அதுவரை அவர் நேரில் போயிராத சபை அது. சில ஆண்டு கழித்து அப்பியுபுரத்துக்கு நடந்து வந்தவர்கள் அந்தக் கடிதத்தைப் பெற்ற சபையார். உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது உண்டு என்று அவர் எழுதியிருந்தார். அவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சீடன்: கெத்செமனேயில் இயேசுவும் விழித்திருங்கள் என்று மூன்று பேரைக் கேட்டாரே.

குரு: ஆம். ஆண்டவரே கேட்டிருக்கும்போது, எனக்கு யாரும் வேண்டாம் என்கிற ஊழியன் எந்தப் பரிசுத்தத்தைக் காட்டுகிறான்? அது பெருமைதான்.

சீடன்: ஐயா, என்னோடு வாலிபர் கூட்டம் நடத்திய ஒருவன் குடியில் விழுந்து சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். நாளைக்கு அவனைப் பார்க்கப் போகிறேன். என்ன வசனம் சொல்லட்டும்?

குரு: வசனத்தைப் பிறகு பார்க்கலாம். உனக்கு இப்போது என்ன கஷ்டம் இருக்கிறது?

சீடன்: அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

குரு: அவனிடம் சொல். உன் அப்பாவுக்காக அவனை ஜெபிக்கச் சொல்.

சீடன்: குடியில் கிடக்கிறவனையா?

குரு: அவனையே. புத்தி சொல்ல வருகிறவர்கள் அவனுக்கு நிறைய இருப்பார்கள். அவனிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொள்ள வருகிற முதல் ஆள் நீயாக இரு.