ஓடாதவர்களைக் கேட்பதற்கு முன்

2011 ஜூலை 30, சனிக்கிழமை. ஜீலோங் நகரின் கார்டினியா பார்க் மைதானத்தில் நடந்த ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து ஆட்டத்தில் ஜீலோங் அணி 233 புள்ளிகள் எடுத்தது. மெல்பர்ன் அணி 47. வித்தியாசம் 186. 1897இல் தொடங்கிய அந்த லீக்கின் வரலாற்றில் இதைவிடப் பெரிய தோல்வி ஒன்றே ஒன்றுதான். 1979இல் பிட்ஸ்ராய் 190 புள்ளி வித்தியாசத்தில் வென்ற ஆட்டம். அன்றைக்குத் தோற்றதும் இதே மெல்பர்ன்தான்.

186க்கு ஓரிரு நாளிலேயே பயிற்சியாளர் டீன் பெய்லியின் வேலை போனது. இப்படி ஒரு தோல்வி வந்தால் வழக்கமாக இரண்டு கேள்விகள் எழும். பையன்கள் முயற்சியே பண்ணவில்லையா? இல்லை, வழிநடத்த ஆள் இல்லையா? முதல் கேள்வி ஆட்டக்காரர்களைக் குற்றவாளி ஆக்குகிறது, இரண்டாவது தலைவர்களை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மனம் அமைதியாகிவிடும். ஆனால் கேள்வியே கோணலாக இருக்கிறது என்பது என் எண்ணம். முயற்சி என்பது ஒரு மனிதனுக்குள் டாங்கியில் தண்ணீர் போலக் கிடக்கும் ஒன்று, திறந்தால் வரும், திறக்காதவன் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். அந்த நினைப்பு சரியா?

ஆஸ்திரேலிய நேரம் நமக்கு இரண்டு மணி நேரம் முன்னே. அவர்களுடைய சனிக்கிழமை மதிய ஆட்டம் இங்கே தாமதமாகப் பசியாறிவிட்டு உட்காரும்போது தொடங்கும். அப்படித்தான் எனக்கு இந்த ஆட்டம் பழகியது. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவ மைதானம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரக் கம்பங்களுக்குள் போனால் ஒரு புள்ளி. நம் காற்பந்தில் உள்ள ஆஃப்சைட் விதி இதில் கிடையாது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது யார் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். பந்து நம் அணியிடம் இருக்கும்போது முன்னால் ஓடுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோல் அடிக்கலாம், பெயர் வரும். பந்து கைமாறியவுடன் திரும்பி எண்பது மீட்டர் பின்னால் ஓடி, எதிரணி ஆள் ஒருவனைக் காவல் காக்க வேண்டும். பெரும்பாலும் பந்து அந்த ஆளிடம் வரவே வராது. கேமராவும் காட்டாது. ஆட்டம் முடிந்த பிறகு எந்தக் கணக்கிலும் அந்த ஓட்டம் தனியாகத் தெரியாது. ஆனால் பதினெட்டுப் பேரும் அதைச் செய்தால்தான் தடுப்பு என்று ஒன்று இருக்கும். நாலு பேர் ஓடவில்லை என்றால் மற்ற பதினாலு பேர் ஓடியது வீண். எதிரணி அந்த நாலு ஓட்டை வழியாகவே வந்துவிடும்.

ரூசோ 1755இல் வெளியான தன் நூலில் ஒரு மான் வேட்டையைப் பற்றிச் சொல்கிறார். மானைப் பிடிக்க எல்லாரும் அவரவர் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒருவனுடைய காலடியில் ஒரு முயல் ஓடுகிறது. அவன் முயல் பின்னால் போய்விடுகிறான். மற்றவர்களுக்கு மான் போச்சு. இதை இத்தோடு விட்டால் அந்த ஒருவனின் சுயநலம் பற்றிய கதையாகத் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவன் முயல் பின்னால் போனது ஆசையால்தானா, அல்லது ‘மற்றவர்கள் ஏற்கெனவே போயிருப்பார்கள், நான் மட்டும் ஏன் மடையன் மாதிரி நிற்க வேண்டும்’ என்ற சந்தேகத்தாலா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அறக் கணக்கில் அவை ஒன்றல்ல.

அதனால் முயற்சி என்பது, குறைந்தது கூட்டாகச் செய்யும் வேலைகளில், மற்றவர்கள் மேல் கட்டும் பந்தயம். நான் ஓடினால் நீயும் ஓடுவாய் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் கால்கள் தாமாகவே மெதுவாகும். மெல்பர்ன் ஆட்டக்காரர்கள் பிறவிச் சோம்பேறிகள் இல்லை என்பதற்கு அதே ஆண்டுப் பட்டியலே சாட்சி. 2011இல் அந்த அணி எட்டு ஆட்டங்களில் வென்றது. 186இல் தோற்றதும் அதே பட்டியலில் இருந்த ஆட்டக்காரர்கள்தான்.

அப்படியானால் அந்த நம்பிக்கை எங்கே கெட்டது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்த லீக்கில் அப்போது ஒரு விதி இருந்தது. அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் நாலு வெற்றிக்கு மேல் எடுக்காத அணிக்கு, புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாருக்கும் முந்திய ஒரு வாய்ப்புக் கூடுதலாகக் கிடைக்கும். பலவீனமானவனைக் கைதூக்கிவிடும் நல்லெண்ணம்தான். மெல்பர்ன் 2008இல் மூன்று ஆட்டங்களில் வென்றது. 2009இல் நாலு. ஐந்தாவது வந்திருந்தால் சலுகை போயிருக்கும். வரவில்லை. முதல் இரண்டு தேர்வுகளும் மெல்பர்னுக்கே கிடைத்தன. டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ் என்ற இரு இளைஞர்கள் வந்தார்கள்.

2009இல் என்ன நடந்தது என்று லீக் பின்னர் விசாரித்தது. வேண்டுமென்றே தோற்றதாக 2013இல் வந்த முடிவு சொல்லவில்லை. ஆனால் போட்டியின் நலனுக்கு ஊறு செய்தார்கள் என்று கிளப்புக்கு ஐந்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெய்லியும் நிர்வாகி கிறிஸ் கானலியும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தீர்ப்பின் சட்ட நுணுக்கத்தை விடுங்கள். அந்தப் பருவத்தில் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பையனின் இடத்தில் இருந்து பாருங்கள். தோல்வி லாபமாக இருக்கும் ஓர் ஏற்பாட்டுக்குள் அவன் ஓட வேண்டியிருந்தது. யாரும் அவனிடம் ‘ஓடாதே’ என்று சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. தன் ஓட்டத்துக்கு மேலே உள்ளவர்கள் என்ன விலை போடுகிறார்கள் என்பதை மனிதன் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவான்.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் ஓர் இரவு ஷிப்டில் பழுதான சாமான்கள் ஒரு கட்டு முழுக்க வெளியே போய்விட்டன. விசாரணை ரிப்போர்ட்டில் மூலகாரணம் என்ற கட்டத்தில் எழுதப்பட்டது: ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’. தீர்வு: ‘மறுபயிற்சி’. லைனில் இருந்த அக்காவிடம் பேசினேன். அந்த மாதம் நாலு தடவை அவர் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார். நாலு தடவையும் எண்ணிக்கை குறைகிறது என்று மேலிருந்து வந்து ஓட்டச் சொல்லிவிட்டார்கள். “நிறுத்தினாலும் திட்டு, நிறுத்தாட்டியும் திட்டு. அப்புறம் எதுக்குத் தம்பி நிறுத்தணும்?” என்றார். ஐந்தாவது தடவை அவர் நிறுத்தவில்லை. ரிப்போர்ட் எழுதியவர்களுக்கு அந்த ஐந்தாவது தடவை மட்டும்தான் தெரிந்தது.

‘முயற்சி போதாது’ என்பதும் அப்படி ஒரு கட்டத்தில் எழுதும் சொல்தான். அதோடு விசாரணை நின்றுவிடும். மேலே போகாது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு மலிவான வேறு தீர்ப்புக் கிடைக்காது.

சரி, அப்போ தலைமைதான் குற்றவாளியா? அதுவும் அவ்வளவு எளிதாக இல்லை. 186 நடந்தபோது மெல்பர்ன் கிளப்பின் தலைவர் ஜிம் ஸ்டைன்ஸ். அயர்லாந்திலிருந்து வந்து, 1991இல் லீக்கின் உயரிய விருதான பிரவுன்லோ பதக்கம் வாங்கியவர். தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள் ஆடிச் சாதனை படைத்தவர். 2009இல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் கடனில் மூழ்கிய கிளப்பைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டார். 2012 மார்ச்சில் இறந்தார். முயற்சிக்கும் தலைமைக்கும் உதாரணம் தேடினால் இவரைவிட ஒருவரைக் காட்டுவது கஷ்டம். அவர் உச்சியில் இருந்தபோதுதான் அந்தத் தோல்வி. ஒரு பெரிய மனிதரின் முன்னுதாரணம் மட்டும் பதினெட்டுப் பேரைப் பின்னால் ஓட வைத்துவிடாது.

அடுத்து வந்த பயிற்சியாளர் மார்க் நீல்ட் தலைமையைப் புதிதாக நட்டுப் பார்த்தார். 2012இல் இரண்டு இளைஞர்கள் கூட்டாகக் கேப்டன் ஆனார்கள். ஒருவர் ஜாக் கிரைம்ஸ். மற்றவர் அதே டிரெங்கோவ், தோல்விக்குப் பரிசாக வந்த பையன். இருபது வயதில் லீக் வரலாற்றின் மிக இளைய கேப்டன். அந்த ஆண்டு நாலு வெற்றி. 2013இல் எஸ்ஸன்டனிடம் 148 புள்ளியில் தோல்வி, பருவத்தின் பாதியில் நீல்டும் வெளியே, மொத்தமே இரண்டு வெற்றி. பதவியைக் கொடுத்தால் தலைமை வந்துவிடும் என்று பெரியவர்கள் நம்பியதன் சுமையை ஓர் இருபது வயதுக்காரர் தூக்கினார். அவருக்குத் தலைமைப் பண்பு போதவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

திருக்குறளில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று முயற்சியைப் பற்றிய மூன்று அதிகாரங்களும் வரிசையாக வருகின்றன. பள்ளியில் நமக்கு அவற்றை மாணவனுக்கான புத்திமதியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அவை இருப்பது அரசனின் இயல்புகளைப் பேசும் அரசியல் பகுதியில். படைவீரனைப் பற்றிய அதிகாரங்கள் பின்னால் தனியாக இருக்கின்றன. குறள் எல்லாருக்கும் பொதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் சோம்பலாக இருக்காதே என்ற பேச்சு முதலில் சிம்மாசனத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. நாம் அதைக் கீழே இருப்பவர்களை நோக்கித் திருப்பிக்கொண்டோம்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். வர வேண்டும். இப்படியே போனால் எந்தத் தனிமனிதனையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாதே? அமைப்பு சரியில்லை என்று சொல்லி எல்லாரும் கையைக் கட்டி நிற்கலாமே?

இதற்கு என்னிடம் உள்ள பதில் ஒரு மனிதர். நேதன் ஜோன்ஸ். 2006இல் மெல்பர்னுக்கு ஆட வந்தார். 2012, 2013, 2014 மூன்று ஆண்டுகளும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். மூன்று பருவங்களிலும் சேர்த்து அணி வென்றது பத்தே ஆட்டங்கள். மற்றவர்கள் ஓடுவார்கள் என்ற உத்தரவாதம் இல்லாமலே ஓடியவர். ஆகவே அது முடியாத காரியம் இல்லை. ஓடாதவர்களுக்கு முழு மன்னிப்புக் கிடையாது என்பதற்கு அவரே ஆதாரம். ஆனால் அவர் ஓடியும் 148 நடந்தது. ஒருவரின் முயற்சி ஒரு தோல்வியைத் தடுக்கும் அளவுக்கு ஒருபோதும் பெரிதாகாது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜோன்ஸ் போல் ஓடாதவனைக் குறை சொல்லலாம். ஆனால் ஜோன்ஸ் போல் ஓடினால்தான் மரியாதை என்ற அளவுக்கு ஓர் இடத்தைக் கெடுத்து வைத்தவர்களை அதைவிட அதிகமாகக் கேட்க வேண்டும். நம்பிக்கைக்கு இடமில்லாத இடத்தில் ஓடுவது வீரம். வீரத்தைப் பாராட்டலாம், தினக்கூலி வேலையாக எதிர்பார்க்க முடியாது.

2014இல் பால் ரூஸ் வந்தார். அவர் முதலில் கட்டியது தடுப்பாட்டத்தை. யார் எங்கே நிற்பது, யாருடைய இடத்தை யார் மூடுவது என்ற சலிப்பூட்டும் வேலை. முதல் ஆண்டு நாலு வெற்றி, அடுத்து ஏழு, பிறகு பத்து. புதிய நல்ல ஆட்டக்காரர்களும் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான் பின்னால் ஓடினால் பக்கத்தில் ஒருவன் இருப்பான் என்பது அந்த ஆண்டுகளில்தான் மெல்ல மெல்ல உண்மையானது. தலைமை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நேரான பொருள் அதுதான். அடுத்தவரின் முயற்சி வீணாகாமல் பார்த்துக்கொள்வது. பேச்சு, ஆவேசம், கைதட்டல் எல்லாம் அதற்குப் பிறகு.

2021 செப்டம்பர் 25. பெருந்தொற்றின் காரணமாக இறுதி ஆட்டம் பெர்த்தில் நடந்தது. மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்த மெல்பர்ன், கடைசியில் 74 புள்ளியில் வென்றது. 1964க்குப் பிறகு முதல் கோப்பை. ஜோன்ஸ் அந்த ஆட்டத்தில் இல்லை. 302 ஆட்டங்கள் ஆடி முடித்தவர், பிறக்கவிருந்த தன் இரட்டைக் குழந்தைகளுக்காக மெல்பர்ன் திரும்பியிருந்தார். இறுதி ஆட்டத்துக்கான அணியில் இருந்தவர்களுக்குத்தான் பதக்கம் கிடைத்தது. அவருக்குக் கிடையாது.

பலனை வைத்து முயற்சியை அளப்பவர்கள் இந்தக் கணக்கை எப்படிச் சரிக்கட்டுவார்கள்? 2013இல் ஜோன்ஸ் ஓடிய ஓட்டமும் 2021இல் வென்றவர்கள் ஓடிய ஓட்டமும் உடம்புக்கு ஒரே வலிதான். ஒன்றுக்குக் கோப்பை கிடைத்தது, மற்றதற்கு 148. தோற்ற அணியைப் பார்த்து ‘முயற்சி இல்லை’ என்று சொல்லும்போது, அந்தக் கூட்டத்தில் ஓடிய ஒருவனையும் சேர்த்தே சோம்பேறி என்கிறோம். அவன் யார் என்று நமக்குத் தெரிந்திருப்பதில்லை. ஸ்கோர் பலகையில் அவன் பெயர் இருக்காது. அவனைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, மற்றவர்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்கலாம். அந்தக் கேள்வியையும் முதலில் கொண்டுபோய்க் கேட்க வேண்டியது மேலே இருப்பவர்களிடம்.