கடைத்தெருவில் துப்பாக்கி

ஒரு கடை கொள்ளை போன செய்தி வந்துவிட்டால் போதும்; அன்று மாலையே நம் வணிகர்களிடையே ஒரு பேச்சு எழுந்துவிடுகிறது. "முதலாளி கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?" என்கிறார் ஒருவர். "கள்வனுக்குக் கிடைக்கிறது, ஒழுங்காக வரி கட்டுகிற நமக்குக் கிடைக்கக் கூடாதா?" என்கிறார் மற்றொருவர். காசு மாற்றும் கடையிலும் நகைக்கடையிலும் நாளெல்லாம் ரொக்கத்தோடு அமர்ந்திருப்பவர்களின் அச்சம் பொய்யன்று. காவலர் வருமுன் கள்வன் வந்து போய்விடுகிறான் என்பதும் உண்மையே. ஆகவே இக்கேள்வியைத் தட்டிக் கழிக்காமல், சரக்கை வாங்குமுன் நிறுத்துப் பார்ப்பதுபோல் நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் நாட்டின் சட்டத்தை அறிந்துகொள்வோம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது எவருக்கும் பிறப்புரிமை அன்று. மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் விண்ணப்பித்து லைசென்ஸ் பெற வேண்டும். கொடுத்ததை ரத்துச் செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. லைசென்ஸ் இன்றி வைத்திருப்போருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. தன்னையும் தன் பொருளையும் காத்துக்கொள்ளும் உரிமையையும் தண்டனைச் சட்டம் நமக்கு அளித்தே இருக்கிறது. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யக் கூடாது என்பதே அதன் எல்லை.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசே ஊர்க்காவல் படை அமைத்து, கம்பத்து மக்களின் கையில் துப்பாக்கி கொடுத்தது. ஆனால் அஃது அவரவர் விருப்பத்துக்கு விட்ட துப்பாக்கி அன்று. அரசின் கட்டளைக்கு உட்பட்ட துப்பாக்கி. அதே காலத்தில் அனுமதியின்றி ஆயுதம் ஏந்தியவன் தூக்குமேடை ஏறவும் நேர்ந்தது.

நம் ஜொகூர் மாநிலமே இரண்டு பாடங்களைத் தந்திருக்கிறது. 1950 பிப்ரவரி 23 அன்று விடியுமுன், மூவார் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்ட் படையினர் சூழ்ந்தனர். உள்ளே இருந்தவர்கள் ஆயுதமும் பயிற்சியும் உடையவர்கள், பணியாமல் போரிட்டார்கள். ஆயினும் நிலையம் எரிந்தது. காவலர்களோடு அவர்தம் குடும்பத்தாரும் மாண்டனர். 2024 மே 17 அதிகாலையில் உலு திராம் காவல் நிலையத்துக்கு ஒருவன் வெட்டுக்கத்தியோடு வந்தான். ஒரு காவலரை வெட்டி, அவருடைய துப்பாக்கியைப் பறித்து, அதைக் கொண்டே இன்னொருவரைச் சுட்டான். இரண்டு இளங்காவலர்கள் உயிரிழந்தனர், மூன்றாமவர் காயமுற்றார். அவனும் அங்கேயே சுட்டு வீழ்த்தப்பட்டான்.

அவனை வீழ்த்தியதும் துப்பாக்கிதானே என்று கேட்கலாம். ஆம், அதனால்தான் காவலர் கையில் அஃது இருக்கிறது. ஆனால் பயிற்சி பெற்ற காவலரிடமிருந்தே அது பகைவன் கைக்கு மாறியது என்றால், குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும் கடைக்காரர் அதை எப்படிக் காப்பார்? கல்லாப்பெட்டியைப் பறிக்க வருபவனுக்கு இன்னொரு பொருளையும் சேர்த்து வைத்தவர் ஆவார்.

வேறு வழியில் சென்ற நாட்டையும் பார்ப்போம். அமெரிக்காவில் மக்கள் தொகையைவிடத் துப்பாக்கிகளின் தொகை அதிகம். வெளியில் ஏந்திச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் விதியையும் 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2021இல் அங்கே துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கள்வனால் மடியவில்லை. தம் கையாலேயே மடிந்தனர். இதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நட்டம், கடன், குடும்பத் தகராறு என்று மனம் இருண்டுபோகும் இரவு எந்த வியாபாரிக்கும் வரக்கூடும். பெரும்பாலும் விடிந்தால் மனம் தேறிவிடுகிறது. மேசையறையில் துப்பாக்கி இருந்தால் விடியும்வரை பொறுக்க இடமில்லாமல் போகிறது.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், ஜும்ஆவுக்குக் கூடிய 51 பேரின் உயிரைப் பறித்தவன் லைசென்ஸ் பெற்றே துப்பாக்கிகளை வாங்கியிருந்தான். லின்வுட் பள்ளியில் அவனை எதிர்த்து ஓடிய அப்துல் அஜீஸ் என்பவரின் கையில் இருந்தது அட்டையில் பணம் பெறும் சிறு கருவி ஒன்றே. தொழுகையாளி ஒருவரிடம் துப்பாக்கி இருந்திருந்தால் சிலர் பிழைத்திருக்கலாம். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விதி என்பது ஒரு நாளுக்காக வகுக்கப்படுவதன்று. அந்த ஒரு நாளுக்காக எல்லார் கையிலும் ஆயுதம் கொடுத்தால், மற்ற நாள்களில் வெறுப்புடையவனும் கோபக்காரனும் குடிகாரனும் அதே உரிமையோடு நம் வாசலில் நிற்பார்கள். அந்நாட்டு அரசு அடுத்த மாதமே அத்தகைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது.

ஆயுதத்தைத் தீண்டாதே என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. ஆனால் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு செல்பவர், பிறர்மேல் பட்டுவிடாதபடி அவற்றின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பள்ளியோடு கடைத்தெருவையும் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. அம்பின் முனையைக் கையால் பிடிக்கலாம். துப்பாக்கியின் முனையைச் சட்டந்தான் பிடிக்க முடியும்.

மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் தோளோடு தோள் உரசி வியாபாரம் செய்யும் தெரு நம்முடையது. இங்கே நாள்தோறும் வாய்ச்சண்டைகள் எழுகின்றன. மறுநாள் தேநீரோடு தீர்கின்றன. ஒவ்வொரு கல்லாவுக்குள்ளும் துப்பாக்கி இருந்தால் நம் அச்சம் குறையப்போவதில்லை. அடுத்த கடைக்காரரிடமும் அது பரவும். ஆதலால் செலவழிக்க மனம் உள்ளவர்கள் வேறு விதத்தில் செலவழிக்கலாம். ரொக்கத்தைக் கடையில் தேங்கவிடாமல் வங்கிக்கு அனுப்புங்கள். அதற்கு ஒரே நேரத்தையும் ஒரே ஆளையும் வழக்கமாக்காதீர்கள். பத்துக் கடைக்காரர்கள் பணம் போட்டு, முறையான பயிற்சியும் அனுமதியும் உள்ள காவலாளியை அமர்த்துங்கள். எதிர்க்கடைக்காரரின் தொலைபேசி எண் உங்களிடமும், உங்கள் எண் அவரிடமும் இருக்கட்டும். இந்த வாரமே இதைத் தொடங்கலாம்.