அரங்கனுக்குக் கஷாயம்

மூக்கின் பின்புறமாகத் தொண்டைக்குள் சளி ஓயாமல் இறங்கும் கோளாறு உயிருக்கு உலை வைப்பதில்லை. ஆளை விடுவதும் இல்லை. மாதக்கணக்கில் செருமிக்கொண்டிருப்பவரிடம், கர்மவினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் மருந்து உண்பது வினையை ஏய்ப்பதாகுமா? பெருமாளிடம் சரணடைந்தவர் வைத்தியரைத் தேடலாமா?

ஸ்ரீரங்கத்தின் விடை கோயில் நடைமுறையிலேயே இருக்கிறது. அரங்கநாதர் கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி உண்டு. ஹொய்சளர் காலத்தில் ஏற்பட்டுப் பின்னர் அழிந்துபோன ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை சக ஆண்டு 1415-இன் (கி.பி. 1493) கல்வெட்டு பதிவு செய்கிறது. நாவற்பழமும் தயிர்ச்சாதமும் அமுது செய்த அரங்கனுக்கு உடம்புக்கு ஆகாமல் போக, இராமாநுசர் கருடவாகன பண்டிதரைக் கொண்டு கஷாயம் கொடுக்கச் செய்தார் என்பது கோயில் மரபு. வினை தீண்டாதவனுக்கே உடம்பு நோகும் என்று சொல்லத் துணிந்த மரபில், நோயாளியைப் பாவியாகப் பார்க்க இடமில்லை. சரணாகதி மோட்சத்துக்கான வழி; காய்ச்சலுக்குக் கஷாயம் குடிப்பதை அது தடுப்பதில்லை. உடம்பு பெருமாளின் உடைமை என்றால் அதைப் பேணுவதும் கைங்கரியமே. சைவத்தில் திருமூலரும் உடம்பை வளர்ப்பதை உயிர் வளர்ப்பாகவே கண்டார்.

சித்த மருத்துவம் நோயை வளி, அழல், ஐயம் (கபம்) என்ற மூன்றின் ஏற்றக்குறைவால் விளக்குகிறது. ஐயம் மிகுந்து மூக்கைப் பற்றும் நோயைப் பீனிசம் என்கிறது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மளிகையோடு வாங்கும் சுக்கும் மிளகும், கூடத் திப்பிலியும் சேர்ந்தால் திரிகடுகம். தேனில் குழைத்த அந்தச் சூரணமும் நொச்சித்தழை வேதும் சளியை இளக்குவதற்காகத் தரப்படுபவை. கொரிய மருத்துவமும் தொலைவில் இல்லை. ஹோ ஜுன் 1610-இல் முடித்த, 1613-இல் அச்சேறிய 'தோங்உய் போகம்' என்ற நூலின் மரபிலும் கபம் என்பது உடல்நீர் தேங்கித் திரிந்ததுதான். இரண்டிலும் நோய் ஒரு நிலைகுலைவு, தீர்ப்பு அல்ல.

ஆனால் வினைக் கொள்கையை விலக்கியவர் மருந்துக் கடையை மட்டும் கண்மூடி நம்புவது பொருந்தாது. ஒவ்வாமை, சைனஸ் அழற்சி, இரைப்பை அமிலம் மேலேறுதல் ஆகிய மூன்றுமே தொண்டையில் சளி நிற்கும் உணர்வைத் தரலாம்; கடைசிக் காரணமானால் மிளகின் காரம் எரிச்சலைக் கூட்டக்கூடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுகினாலோ, சளியில் இரத்தம் கலந்தாலோ, குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.