பந்தய விமானமும் பிராரப்தமும்

விதி வலியதா, புருஷப் பிரயத்தனம் வலியதா என்னும் வினாவை ஆராய்வதற்கு, மின்சாரத்தால் ஓடும் ரேடியோ பந்தய விமானத்தைக் காட்டிலும் தெளிவான இடத்தை நான் கண்டதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் ‘ரேடியோ குயீன்’ என்ற மாதிரி விமானத்தை வெள்ளி–துத்தநாக பேட்டரியின் சக்தியால் பறக்கவிட்ட காலத்தில், பறந்ததே பெரிய காரியமாக இருந்தது. இன்றோ, மூன்று கம்பங்களைச் சுற்றிப் பத்து வட்டம் பறக்கும் பந்தயத்தில் அவ்வகை விமானங்கள் மணிக்கு 200 கிலோமீட்டரை எளிதில் தாண்டிவிடுகின்றன. திருப்புவதைத் தவிர வேறெதற்கும் அவகாசமற்ற அந்தச் சிறு பொழுதில், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே இருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எரிந்து விமானம் வீழ்ந்தால், ஓட்டியவர் வாயில் வருவது ‘விதி’ என்ற சொல்லே.

தெய்வம் என்று நாம் அஞ்சுவது முன்னர் நாமே செய்த முயற்சியன்றி வேறில்லை என்று யோகவாசிஷ்டத்தில் வசிஷ்டர் ராமனுக்கு உபதேசிக்கிறார். வில்லை விட்ட அம்பை, பலன் கொடுக்கத் தொடங்கிவிட்ட முன்வினையாகிய பிராரப்தத்துக்கு உவமை கூறும் வேதாந்திகளும், அம்பைத் தொடுக்குமுன் வில்லாளிக்கு இருந்த ஸ்வாதந்திரியத்தை மறுத்தாரல்லர். பந்தய விமானத்தில் அந்த ஸ்வாதந்திரியம் மைதானத்தில் இல்லை. கருவியைத் தேர்ந்தெடுக்கும் மேஜையில் இருக்கிறது.

அந்தத் தேர்வில் பெரும்பாலோர் பார்ப்பது ஆம்பியர் ஒன்றையே. ஆனால் அக்கருவி செய்யும் வேலையோ வெகு நுட்பமானது: பேட்டரியின் நேர்மின்சாரத்தை டிரான்சிஸ்டர்களால் மாற்றி மாற்றி மூன்று கம்பிகளில் அனுப்புகிறது, அவற்றில் ஓய்ந்திருக்கும் கம்பியில் சுழலும் காந்தம் எழுப்பும் மின்னழுத்தத்தைக் கொண்டே காந்தம் இப்பொழுது எங்கே நிற்கிறது என்று அறிந்துகொள்கிறது. பதினான்கு காந்தத் துருவங்களுள்ள மோட்டார் நிமிஷத்துக்கு 30,000 முறை சுழலுமாயின், கருவி அதே நிமிஷத்தில் 2,10,000 மின்சுற்றுகளைப் பின்தொடர வேண்டும். அந்த வேகத்துக்கு அது ஈடுகொடாவிட்டால் காந்தத்தின் நிலையைத் தவறவிட்டு, ஆம்பியர் எவ்வளவு தாராளமாக இருந்தபோதிலும் கணத்தில் கருகிவிடக்கூடும். மின்னோட்டம் இருமடங்கானால் டிரான்சிஸ்டரின் எதிர்ப்பில் பிறக்கும் உஷ்ணம் நான்கு மடங்காகும் என்பதையும், பேட்டரிக் கம்பியை நீட்டினால் ஒவ்வொரு துண்டிப்பிலும் மின்னழுத்தம் துள்ளி எழுந்து உள்ளிருக்கும் கெபாசிட்டர்களை வருத்தும் என்பதையும் அறிந்தவர், நீட்ட நேர்ந்தால் மோட்டார்ப் பக்கத்துக் கம்பிகளையே நீட்டுவார். ஆறு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி முழுதும் சார்ஜ் ஆனபின் 25.2 வோல்ட் கொடுக்கும். கருவி தாங்க வேண்டியது அதையே, பேட்டரியின் மேல் அச்சிட்ட 22.2 வோல்ட்டை அன்று.

கருவியின் மேல் ‘80 ஆம்பியர்’ என்று எழுதியிருப்பது, பிறர் சொல்லைக் கொண்டு அறியும் சப்தப் பிரமாணம். சொல்பவன் எந்த நிலைமையில் சொன்னான் என்பது தெரிந்தாலன்றி அது பிரமாணமாகாது. எவ்வளவு காற்றோட்டத்தில், எத்தனை விநாடிக்கு என்பவற்றை விட்டுவிட்டால் அவ்வெண் நம் ஆசையைத் திருப்பிச் சொல்வதன்றி வேறொன்றும் செய்யாது. ஆகவே, பந்தயத்தில் பூட்டப்போகும் அதே புரொப்பெல்லரைப் பூட்டி, வாட்மீட்டரை இணைத்து, முழு த்ராட்டிலில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து பிரத்தியட்சமாக அறிந்தபின், அதற்குமேல் தாராளமான இடைவெளி விட்டுக் கருவியைத் தேர்வது உத்தமம்.

இவ்வளவும் செய்தபின் தெய்வத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு சால்டர் விரிசல் எல்லாக் கணக்கையும் பொய்யாக்கிவிடலாம். ஒரு செயலுக்கு அதிஷ்டானம், கர்த்தா, கரணம், சேஷ்டை, தெய்வம் என்று ஐந்து காரணங்களைக் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வகுக்கும்போது, தெய்வத்தை ஐந்தாவதாகவே வைக்கிறது. முன்னிருக்கும் நான்குக்கும் கணக்குக் கொடாதவன் ஐந்தாவதன்மேல் பழி சுமத்த அருகதையற்றவன் என்றே நான் கொள்கிறேன்.

அந்த ஐந்தாவது காரணம் உண்டென்று ஒப்புக்கொண்ட உடனே, தர்மம் பற்றிய கேள்வி எழுகிறது. வேகம் குறைந்தால் நஷ்டம் எனக்கு மட்டுமே. கட்டுப்பாடு போய்விட்டால் ஆபத்து மைதானத்தில் நிற்கும் பிறருக்கு. பல கருவிகளில் ரேடியோ ஆணையை வாங்கும் ரிசீவருக்கும் சுக்கானை அசைக்கும் சர்வோக்களுக்கும் வேண்டிய மின்சாரத்தை அதே கருவியிலுள்ள பி.இ.சி. என்னும் பகுதியே வழங்குகிறது; கருவி எரிந்தால் மோட்டாரோடு சுக்கானும் செத்துவிடும். மோட்டார் நின்ற விமானத்தை இறக்கலாம். சுக்கான் செத்த விமானம் யார்மேல் விழும் என்பதை எவரும் சொல்ல முடியாது. எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கும் பந்தயக்காரருக்கு, ரிசீவருக்கென்று தனி பேட்டரி வைப்பது ஒரு பாரமாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அப்பாரத்தை ஏற்க மறுப்பவர் தம் வெற்றிக்குரிய விலையைப் பிறர் தலையில் சுமத்துகிறார். பந்தய நண்பர்களே, பி.இ.சி.யிலிருந்து ரிசீவருக்குச் செல்லும் சிவப்பு ஒயரைக் கழற்றிவிட்டு, ரிசீவருக்கென்று தனியாக ஒரு பேட்டரியை வைத்துப் பறக்கவிடுங்கள்.