பயத்துக்கு நல்ல விலை

சுறாக்களுக்காக வாதாடுவதற்கு முன், வேலரி டெய்லர் அவற்றை ஈட்டித் துப்பாக்கியால் கொன்றவர். ஆஸ்திரேலியாவில் அவரும் கணவர் ரானும் நீரடி மீன்வேட்டைப் போட்டிகளில் வாகை சூடியவர்கள். பிறகு ஈட்டியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார்கள்.

1975இல் வெளியான ‘ஜாஸ்’ படத்துக்கு உயிருள்ள வெள்ளைச் சுறாவைப் படம்பிடித்துத் தந்தவர்கள் இவர்கள்தான். தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் கிடைத்த சுறாக்கள் கதைக்கு வேண்டிய அளவு பெரிதாக இல்லை. எனவே சிறிய கூண்டு ஒன்று செய்து, அதில் குள்ளமான ஸ்டண்ட் நடிகர் ஒருவரை இறக்கினார்கள். மனிதனைச் சிறிதாக்கியதும் சுறா பெரிதாகிவிட்டது. படம் வசூலில் சாதனை படைத்தது. அமெரிக்கக் கரையோரங்களில் சுறா வேட்டை வீர விளையாட்டானது. மூலக்கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்பாடு சுறாப் பாதுகாப்புக்காகவே பேசித் திரிந்தார். அவர் எழுதிய நாவலுக்குக் கிடைத்த கூட்டம் இந்தப் பேச்சுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் படப்பிடிப்பில் உடனிருந்து உதவியவர் ராட்னி ஃபாக்ஸ். 1963இல் அடிலெய்டுக்குத் தெற்கே ஒரு மீன்வேட்டைப் போட்டியில் வெள்ளைச் சுறா அவருடைய மார்பைக் கவ்வியது. உயிர் பிழைத்ததே பெரிது. சுறாவை வெறுக்க அவரைவிட அதிக உரிமை யாருக்கு? அவரோ கூண்டில் இறங்கி அதைப் பார்த்துக்கொண்டிருப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். கடிபடாதவர்களின் வெறுப்புதான் ஆறவில்லை.

டெய்லர் தம்பதி அதிகம் போராடியது கிரே நர்ஸ் சுறாவுக்காக. வாய்க்கு வெளியே துருத்தி நிற்கும் பற்கள். பார்த்தால் ஆட்கொல்லி என்றே தோன்றும். குணமோ சாது. நீரடிப் பாறைக் குடைவுகளில் அசையாமல் மிதக்கும் அதை, வெடிமுனை பொருத்திய ஈட்டிகளால் கொன்று வேட்டைக்காரர்கள் வீரம் காட்டினார்கள். தாய்க்கு இரண்டு கருப்பைகள். ஒவ்வொன்றிலும் முந்தி வளரும் குட்டி உடன்பிறப்புகளைத் தின்று தீர்க்கும். பிறப்பவை மிஞ்சினால் இரண்டு. அடுத்த ஈற்றுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். இப்படி ஈனும் உயிர் ஒரு கோடைக்கால வேட்டையின் இழப்பை எப்போது ஈடுகட்டும்? 1984இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு அதைக் கொல்லத் தடை விதித்தது. உலகில் முதன்முதலாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற சுறா அதுதான். வெள்ளைச் சுறாவுக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அதே அரசு 1937 முதல் சிட்னிக் கடற்கரைகளில் சுறா வலை கட்டிவருகிறது. கரையை முழுதாக மறிக்கும் வேலி அல்ல அது. நூற்றைம்பது மீட்டர் நீளத் துண்டுகள். மேலாகவும் பக்கவாட்டிலும் சுறா தாராளமாகப் போய்வரலாம். கரைப்பக்கம் வந்து திரும்பும்போது சிக்குகிறவையும் உண்டு. ஆமைகள், டால்பின்கள், சட்டம் காக்கும் கிரே நர்ஸ்கள் எல்லாம் அதில் மாட்டிச் செத்திருக்கின்றன. குளிக்க வருகிறவர்களுக்கோ, வலை இருக்கிறது என்று கேட்டாலே மனத்துக்கு நிம்மதி.